பத்துப் பாட்டும் பத்தாயிரம் பாட்டும்

'எது உசத்தி?' என்று ஆரம்பிக்கிற சண்டை எதுவும் சீக்கிரத்தில் முடியாது. சிவாஜியா எம்.ஜி.ஆரா, ராஜாவா ரஹ்மானா... இந்த வரிசையில் இப்போது புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்தக் கால ராப்பா, இந்தக் கால ராப்பா?

சண்டை நடந்த இடம், வில்லியனூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை. எதிராளி, பாகூரிலிருந்து என்னை அழைத்துப்போக வந்திருந்த அக்கா மகன். போனை நீட்டி ஒரு பாடகரின் பக்கத்தைக் காட்டினான். விரலால் தள்ளத் தள்ளப் பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

"நாலு வருஷத்துல தொண்ணூறு பாட்டு மாமா. கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. எல்லாம் வீட்டுலயே பண்ணது."

"சரிடா மாப்ளே. அந்தத் தொண்ணூறுல ஒரு 'வல்லவன்' இருக்கா?"

அவன் கோபப்படவில்லை. "அத்தனையும் கேட்டுட்டா கேக்கறீங்க?" என்றான்.

கேட்டது மூன்று. அதிலும் ஒன்று பாதி. டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி இறங்கவில்லை.

இந்த வழக்கின் ஆதி எங்கே என்று பார்த்துவிடலாம்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ம் நம்பர் கட்டடம். சிண்டி என்ற பெண்ணுக்கு ஸ்கூல் திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். கட்டடத்தின் ஹாலைப் பிடித்து ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டது அண்ணன், டிஜே கூல் ஹெர்க். இசைத்தட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற சில நொடிகளில்தான் கூட்டம் எகிறி ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். இரண்டு தட்டுகளை வைத்து அந்த நொடிகளையே மாற்றி மாற்றி நீட்டினார். அதன்மேல் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், ஹிப் ஹாப் பிறந்துவிட்டது!

அடுத்த 6 வருஷத்துக்கு ஆல்பம் என்ற பேச்சே இல்லை. பார்ட்டியில் பதிந்த கேசட்டுகள் கைக்குக் கை போயின. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று... அண்டர்கிரவுண்ட் என்பது ராப்பின் பிற்காலத் தம்பி அல்ல. பிறந்ததே அங்கேதான்.

1979-ல் சுகர்ஹில் கேங் என்ற குழு 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டை வெளியிட்டது. உலகம் முழுக்க ஹிட். ஆனால் அதில் ஒருவர் பாடிய வரிகளில் பெரும்பகுதி, பிராங்ஸில் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவர் எழுதிவைத்திருந்தவை. தட்டில் காஸின் பெயர் கிடையாது. எழுதியவன் ஒருவன், பதிவில் இருப்பவன் இன்னொருவன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாகூர் போனதும் தேவைப்படும்.

முதல் பார்ட்டி நடந்த அடுத்த மாதம் பிறந்த குழந்தை ஒன்று நியூயார்க்கிலேயே வளர்ந்து, 20 வயதில் ஒரு ஆல்பம் போட்டது. பெயர் நாஸ். ஆல்பம், 'இல்மாட்டிக்'. 1994 ஏப்ரல். மொத்தமே 10 டிராக், சுமார் 40 நிமிஷம். இன்றைக்கு ராப் ரசிகர்கள் கற்பூரம் ஏற்றாத குறையாகக் கொண்டாடும் ஆல்பம். அன்றைய நிலவரம்? முதல் வாரம் சுமார் 60,000 பிரதிகள். அமெரிக்கப் பட்டியலில் 12-ம் இடத்தைத் தாண்டவில்லை. பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் அந்தஸ்து வந்தபோது வருஷம் 2001!

அதே 1994-ல்தான் நமக்கு 'காதலன்' வந்தது. 'பேட்டை ராப்'. சுரேஷ் பீட்டர்ஸும் சாகுல் ஹமீதும் தேனி குஞ்சரம்மாளும் சேர்ந்து பாடியது. எனக்கு அப்போது 14 வயது. ராப் என்றால் பிரபுதேவாவின் இடுப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப் வேர்விட்டது கடலுக்கு அப்பால். மலேசியாவில் யோகி பி இருந்த 'பொயட்டிக் ஆம்மோ' குழு 1998-ல் ஆல்பம் போட்டது. 2006-ல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்டு நட்சத்ரா' என்ற பெயரில் 'வல்லவன்' வெளியிட்டார்கள். 'நிழல்கள்' (1980) படத்தின் இளையராஜா பாட்டைத் தூக்கி வைத்து 'மடை திறந்து' என்று கொடுத்தார்கள் பாருங்கள்... தமிழ் இப்படியும் ஓடுமா என்று வாயைப் பிளந்தேன். அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல். 2012-ல் ஹிப்ஹாப் தமிழா குழுவின் 'ஹிப் ஹாப் தமிழன்'. அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

சரி, வழக்குக்கு வருவோம். பழைய ஆல்பங்கள் ஏன் அவ்வளவு கச்சிதமாக இருந்தன?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். ஸ்டூடியோவுக்கு மணிக் கணக்கில் வாடகை. கேசட் என்றால் 60 நிமிஷம், சி.டி. என்றால் 74 நிமிஷம். அச்சடிக்கக் காசு, கடையில் வைக்க இடம். முதல் போட்டவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, 'இது வேண்டாம், அதை எடு' என்று சொல்லிக்கொண்டிருப்பார். 25 பாட்டு எழுதினால் 10 தேறும். அந்தக் கச்சிதத்தில் பாதி கலைஞனின் திறமை. மீதிப் பாதி, பட்ஜெட்!

இப்போது? வீட்டில் ஒரு லேப்டாப், ஒரு மைக், இரண்டாயிரமோ மூவாயிரமோ பெறும் ஹெட்போன். பாட்டை ஏற்றக் கடைக்காரர் தயவு வேண்டாம். 11-வது பாட்டைப் போட ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். செலவு பூஜ்யமானால் சரக்கு குவியும். வணிகவியல் முதல் வருஷப் பாடம் இது.

இது இங்கே மட்டும் இல்லை. நியூயார்க்கில் ராக் மார்சியானோ 2010-ல் 'மார்க்பெர்க்' ஆல்பத்துக்குப் பெரும்பாலான பீட்டுகளைத் தானே போட்டு, தானே பாடினார். அடுத்து பஃபலோ நகரத்தின் கிரிசெல்டா குழு, வருஷத்துக்கு இரண்டு மூன்று ஆல்பங்கள் என்று குவித்தது. அண்டர்கிரவுண்ட் ஆட்களிடம் இன்று 'ஆல்பம்' எது என்று கேட்பதைவிட 'கேட்டலாக்' எவ்வளவு பெரிது என்று கேட்பதே வழக்கம்.

கணக்குப் பதிவியலில் இரண்டு சமாசாரம் உண்டு. குறிப்பேடு ஒன்று, இருப்புநிலைக் குறிப்பு ஒன்று. குறிப்பேட்டில் அன்றன்றைக்கு நடந்ததெல்லாம் ஏறும். டீ செலவு முதல் வங்கிக் கடன் வரை. வருஷக் கடைசியில் அதையெல்லாம் கூட்டிக் கழித்துச் சுருக்கினால் ஒரே பக்கத்தில் இருப்புநிலைக் குறிப்பு. ஆல்பம் என்பது இருப்புநிலைக் குறிப்பு. கேட்டலாக் என்பது குறிப்பேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'இது ஏன் அது மாதிரி இல்லை?' என்று கேட்பவனை எந்த ஆடிட்டரும் வாசலோடு அனுப்பிவிடுவார். நான் டீக்கடையில் கேட்டது அதைத்தான்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். 1994-ல் வெளிவந்த ராப் ஆல்பங்கள் எத்தனையோ. அவற்றில் இன்றைக்கு நம் காதுக்கு வருபவை ஒரு கை விரல்களில் அடங்கும். மிச்சத்தைக் காலம் முறத்தில் போட்டுப் புடைத்துத் தள்ளிவிட்டது. புடைத்த அரிசியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் களத்து நெல்லை அள்ளி, 'இதிலே பதர் இருக்கிறதே' என்று முகம் சுளித்தால் பாகூர்க்காரன் சிரிக்கமாட்டானா?

அதற்காக அக்கா மகன் பக்கம் முழு நியாயம் என்றும் சொல்லமாட்டேன். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாததால் ஒரே தாளம், ஒரே தற்பெருமை, ஒரே திட்டு என்று பாட்டுகள் வருகின்றன. தொண்ணூறில் நாற்பதை அவனே தாண்டித்தான் போகிறான். கேட்டேன், ஒப்புக்கொண்டான்.

ஆனால், யார் புடைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

1908 முதல் 1918 வரை பாரதி இங்கேதான் இருந்தார். கம்பெனி இல்லாத கலைஞர். எழுதியவை பத்திரிகைகளிலும் சிறு வெளியீடுகளிலும் கையெழுத்துத் தாள்களிலும் சிதறிக் கிடந்தன. 1920-ல் எல்லாவற்றையும் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டார். நடக்கவில்லை. 1921-ல் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் மனைவி செல்லம்மா 'பாரதி ஆச்சிரமம்' ஆரம்பித்துப் பாட்டுகளை அச்சில் கொண்டுவந்தார். அடுத்தடுத்துப் பலர் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒற்றைப் புத்தகம், பாரதி கண்ணால் பார்க்காத 'ஆல்பம்'!

பாரதியாவது பாரதி. குஜிலிப் பாட்டுப் புத்தகம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ரயில் விபத்து, கொலை வழக்கு, வெள்ளம், விலைவாசி... எது நடந்தாலும் சில நாளில் பாட்டாக்கி, மட்டமான தாளில் அச்சடித்து, முச்சந்தியில் பாடியே விற்றார்கள். காலணா, அரையணா. படித்தவர்கள் குப்பை என்றார்கள். ஆனால் கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற சிலர் அந்தக் குப்பையையும் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். ரோஜா முத்தையா 1992-ல் இறந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அவருடைய சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. (மறுபடியும் 1994!) அன்றைய அண்டர்கிரவுண்ட் என்ன பாடியது என்று நமக்குத் தெரிவது இப்படிப்பட்டவர்களால்தான்.

பேசிக்கொண்டே சங்கராபரணிப் பாலம் தாண்டி, கரிக்கலாம்பாக்கம் தாண்டி, பாகூர் வந்துவிட்டோம். பிரெஞ்சுக்காரன் வைத்த 'கொம்யூன்' என்ற பெயர் இன்னமும் போர்டில் இருக்கிறது.

பாகூருக்கு வெளியுலகத்தில் ஒரு பெருமை உண்டு. 1879-ல் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகள். ஒரு வளையத்தில் கோத்த 5 ஏடுகள். 9-ம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலக் கல்லூரிக்கு, 3 கிராமங்களைத் தானம் கொடுத்த கணக்கு. தானம் கேட்டவர் பெயர் இருக்கிறது, எல்லை இருக்கிறது, ராஜாவின் வம்சப் புகழ் இருக்கிறது. அந்த 3 கிராமங்களில் நாற்று நட்டவர்கள் என்ன பாடினார்கள்? ஒரு வரி இல்லை. அவர்களுக்குச் செம்பு கிடைக்கவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது நடந்ததை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து வந்தது. அந்த மேடையில் நின்ற அறிவு, 2019-ல் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளைக் கொண்டுவந்தார். ஆயிரம் வருஷமாகச் செம்பு கிடைக்காதவர்களின் பாட்டு பதிவாகிவிட்டது.

பதிவானால் போதுமா? டி லா சோல் என்ற அமெரிக்கக் குழுவின் 1989 ஆல்பம் கிளாசிக்குகளில் ஒன்று. பிற பாட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளுக்கான பழைய ஒப்பந்தங்களில் இன்டர்நெட் என்ற வார்த்தையே இல்லாததால், 2023 மார்ச் வரை எந்த ஸ்ட்ரீமிங்கிலும் அது கிடைக்கவில்லை. உலகப் புகழ் பெற்றதற்கே அந்தக் கதி.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அக்கா மகன் மெதுவாகச் சொன்னான். "நானும் என் ஃபிரெண்டும் சேர்ந்து பதினொண்ணு பண்ணோம் மாமா."

எனக்கு இது செய்தி!

"எங்கே, போடு."

"நாலுதான் இருக்கு. அவன் துபாய் போறப்போ சேனலை அழிச்சிட்டான். மீதி ஏழு என் பழைய போன்ல இருந்துச்சு. போன் தண்ணில விழுந்துடுச்சு."

நான்கையும் கேட்டேன், முழுசாக. இரண்டு சுமார். ஒன்று மோசம். ஒன்று, ஏரிப் பாசனத்து வயல்கள் மனைக்கற்களாக மாறுவது பற்றி. எங்கள் நிலம் இருந்த தெருவின் பெயர் அதில் வருகிறது. அந்த நிலத்தை விற்றவர்களில் நானும் ஒருவன். அவன் அதைப் பாட்டில் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொன்னதில்லை.

உள்ளே போய் அக்காவிடம் ஒரு நோட்டு வாங்கிவந்தேன். கோடு போட்டேன். பாட்டின் பெயர், எழுதியது யார், பீட் யாருடையது, பதிந்த தேதி. தொலைந்த ஏழுக்கும் அவனுக்கு ஞாபகம் இருந்த மட்டும் எழுதினோம். இருக்கிற நான்கையும் என் லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. துபாய் நண்பனிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுச் செய்தி போட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.

"என்ன மாமா, கணக்கு எழுத ஆரம்பிச்சிட்டீங்க?"

"தேதியைச் சரியா சொல்லுடா."