ஜீப்பைத் தூக்கின கதை

போன சித்திரையில நம்ம ஜீப்பைப் பார்த்தவங்க எல்லாரும் "என்னப்பா, வண்டி வளர்ந்துருச்சு போல" என்று கேட்டார்கள். வளரத்தான் செய்தது. மகன் ஆசைப்பட்டான், நானும் சரி என்று தலையாட்டினேன். டவுனில் ஒரு பட்டறையில் விட்டு, ஸ்பிரிங்கில் பட்டை கூட்டி, நீளமான ஷேக்கிள் போட்டு, பழைய 28 அங்குல டயரைக் கழட்டிவிட்டு 31 அங்குல டயர் மாட்டிக்கொண்டு வந்தோம். என்ன ஆச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து, இந்த "வண்டியைத் தூக்குற" பைத்தியம் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததில் பாதிக்குப் பாதி விவசாயக் கதையா இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல்ல நம்ம மாட்டு வண்டியை நினைச்சுப் பாருங்க. பழைய கட்டை வண்டிச் சக்கரம் ஆள் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். தச்சருக்கு மரம் மிச்சமா இருந்து அப்படிச் செய்யவில்லை. சின்னச் சக்கரம் குழியில் இறங்கிவிடும், பெரிய சக்கரம் குழி மேலேயே உருண்டு போய்விடும். அச்சு உயரமா இருந்தால் சேற்றிலும் ஓடைக்கல்லிலும் தட்டாது. டயர் வண்டி வந்தபோது மாட்டுக்குப் பாரம் லேசாச்சு, ஆனால் சக்கரம் சின்னதாகி அச்சும் தாழ்ந்துபோச்சு. வாய்க்கால் கடக்கையில டயர் வண்டி அடிதட்டி நின்றதும், பின்னால் வந்த கட்டை வண்டி ஹாயா தாண்டிப் போனதும் சின்ன வயசில் நான் பார்த்திருக்கேன்.

ஜீப் பிறந்தது 1940-ல். இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளைக் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியரைக் கூப்பிட்டு வரைய வைத்து, 1940 செப்டம்பர் 23 அன்று வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் ராணுவ முகாமில் நிறுத்தியது. அப்புறம் நடந்தது நமக்குப் பழக்கமான கதைதான். பாண்டத்துக்கு அத்தனை வண்டி செய்து கொடுக்கச் சக்தியில்லை என்று பெரிய ஆர்டரை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். போர் முடிவதற்குள் அந்த ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. பாண்டம் டிரெய்லர் செய்து பிழைத்தது. விதை போட்டவன் ஒருத்தன், அறுத்தவன் இன்னொருத்தன்.

போர் முடிஞ்சதும் 1945-லேயே வில்லிஸ் கம்பெனி சாதாரண ஜனங்களுக்கென்று சிஜே-2ஏ என்ற ஜீப்பைக் கொண்டுவந்தது. யாரை நம்பித் தெரியுமா? விவசாயிகளைத்தான். பின்னால் பவர் எடுக்கிற ஷாஃப்ட் வைத்து, ஏர் கட்டி உழலாம், மில் ஓட்டலாம், சந்தைக்கும் போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். உழவில் அது டிராக்டரோடு போட்டிபோட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அதே நேரத்தில் ஜெர்மனியில் ஆல்பர்ட் ஃப்ரீட்ரிஹ் என்பவர் யுனிமாக் வண்டிக்கு வரைபடம் போட்டார். 1946-ல் மாதிரி வண்டி வந்தது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 1270 மில்லிமீட்டர் வைத்தார். ஏன் அந்தக் கணக்கு? ரெண்டு உருளைக்கிழங்கு வரிசையின் அகலம் அது. அச்சைச் சக்கரத்தின் நடுவில் வைக்காமல், சக்கரத்துப் பக்கம் பல்சக்கரம் கொடுத்து மேலே தூக்கி வைத்தார். டயரைப் பெருசாக்காமலே வண்டியின் வயிறு உயர்ந்துவிட்டது. கிழங்குச் செடி மேல் படாமல் போகணும் என்கிற கவலையில் பிறந்த உயரம் அது. இதைப் படித்தபோது எனக்கு அந்த மனுஷன் மேல் ஒரு மரியாதை வந்தது.

இதுக்கெல்லாம் முன்னாடி டயர் கதை ஒன்று இருக்கு. 1930 வரைக்கும் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான். 1932-ல் அல்லிஸ்-சாமர்ஸ் கம்பெனியும் ஃபயர்ஸ்டோனும் சேர்ந்து விமான டயரை டிராக்டரில் மாட்டி, காற்றைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்காருகிறது, மண்ணைப் பிடிக்கிறது. ரப்பர் வழுக்கும் என்று சிரித்தவர்கள் எல்லாம் கொஞ்ச வருஷத்திலேயே மாறிவிட்டார்கள். வயலுக்குள் போகிற டயர் அகலமாகவும் பெருசாகவும் ஆக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சரி, தினம் ஓட்டுகிற வண்டியைத் தூக்குற கதைக்கு வருவோம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் பக்கம். பாப் சாண்ட்லர் என்று ஒருத்தர், கட்டட வேலைக்காரர். 1974-ல் ஃபோர்டு எஃப்-250 நாலு சக்கர இழுவை வண்டி ஒன்றை வாங்கினார். வீட்டு வண்டி அது. அதில்தான் போவார், வருவார், காட்டுக்குள்ளும் விடுவார். உடைந்தால் சாமான் கிடைக்கவில்லை என்று கடைசியில் தானே சாமான் கடை வைத்துவிட்டார். வண்டி ஓட்டை உடைசலுக்காகக் கடையே வைத்த ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான்.

கடைக்கு விளம்பரமும் இந்த வண்டிதான். கொஞ்சம் பெரிய டயர் போட்டார். டயர் பெருசானதும் அச்சு உடைந்தது. அச்சைப் பெருசாக்கினார். அச்சு தாங்குதே என்று இன்னும் பெரிய டயர் போட்டார். இப்போ எஞ்சின் இழுக்கவில்லை. எஞ்சினை மாற்றினார். அந்த வேகத்துக்கு மறுபடியும் அச்சு உடைந்தது. கடைசியில் ராணுவ லாரியின் இரண்டரை டன் அச்சைக் கொண்டுவந்து மாட்டினார். "உன் பெரிய பாதத்தால ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சுத்தான் எல்லாம் உடையுது" என்று கடை மேனேஜர் கிண்டல் செய்ததில் வண்டிக்கு 'பிக்ஃபுட்' என்று பேர் வந்தது.

1981-ல் அவர் ஒரு மக்காச்சோளக் காட்டில் ரெண்டு பழைய காரை நிறுத்தி, 48 அங்குல டயரோடு அது மேல் ஏறி நசுக்கிப் பார்த்தார். வீடியோ எடுத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் மைதானத்தில் வந்து செய் என்றார்கள். அடுத்த வருஷம் கட்டின வண்டிக்கு 66 அங்குல டயர். அஞ்சரை அடி, என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அந்த டயர் எதற்குச் செய்தது என்று நினைக்கிறீங்க? ஈரக் காட்டில் புதையாமல் உரம் தூவிக்கொண்டு போகிற வண்டிக்குச் செய்த டயர். உரம் போடுற வண்டி டயரை மாட்டிக்கொண்டு கார் மேல் ஏறி, டிக்கெட் போட்டு வசூல் பண்ணியிருக்கார்கள். இன்றைக்கு மான்ஸ்டர் டிரக் என்று பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறதெல்லாம் அந்தச் சோளக்காட்டு வித்தையின் வாரிசுதான்.

நம்ம பக்கம் வேற மாதிரி. 1945-ல் மகிந்திரா அண்ட் முகமது என்று இரும்பு வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பை இங்கே கோர்த்து விற்றதும் அந்தக் கம்பெனிதான். 1953-ல் அமெரிக்காவில் உயரமான எஞ்சினை அடக்குவதற்காக பானெட்டைத் தூக்கி சிஜே-3பி என்று ஒரு ஜீப் விட்டார்கள். அந்த உயர்ந்த மூக்கு ஜீப்பைத்தான் மகிந்திரா பல வருஷம் செய்தது. நாம ஜீப் என்றதும் கண்ணில் வருகிற முகம் அதுதான்.

எங்க தேனி மாவட்டத்தில் ஜீப் யாருக்கும் விளையாட்டு இல்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியக்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த டிரைவர்கள் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டுவது உண்டு. அது தாழ்ந்து போகாமல் பாரம் தாங்க, அவ்வளவுதான். கொழுக்குமலை ஏறுகிற ஜீப்பைப் போய்ப் பாருங்க, பெரும்பாலும் சாதாரண ஒல்லி டயர்தான். லோ கியரும் டிரைவர் காலும் செய்கிற வேலை மீதி.

இதில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம். ஸ்பிரிங்கைத் தூக்கினால் வண்டி உயரும், அச்சு உயராது. நடுவில் தொங்குகிற கிரவுன் உருண்டை இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கல்லில் தட்டுவது அதுதானே? அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 28-ஐ எடுத்து 31 போட்டால் மூணு அங்குலம் கூடுது, அச்சுக்குக் கிடைப்பது அதில் பாதி, ஒன்றரை அங்குலம். அந்த ஒன்றரைக்காக பாடியை நாலு அங்குலம் தூக்கி டயருக்கு இடம் பண்ணுகிறோம். பதிலுக்கு ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் போகும். கியர் பத்துக்கு ஒரு பங்கு கெட்டியாகும், ஏற்றத்தில் திணறும். பிராப்பலர் ஷாஃப்ட் சாய்ந்து கிராஸ் ஜாயிண்ட் கத்தும். வைக்கோல் அதிகமா ஏத்தின வண்டி வரப்பில் எப்படி ஆடுமோ அப்படி ஆடும்.

எனக்கு ஆனது பிரேக்கில். பாடி உயர்ந்ததும் பிரேக் ஹோஸும் நீளமா மாத்தணும். பட்டறையில் மாத்தவில்லை, நானும் கேட்கவில்லை. ஆவணி மாசம் மேட்டுக் காட்டில் இருந்து இறங்குகிறேன். பின்னால் அம்மாவும், களை எடுக்க வந்த ரெண்டு அக்காவும். மழைத்தண்ணி அரித்த பள்ளத்தில் முன் சக்கரம் தொங்கினதும் ஹோஸ் இழுபட்டுப் பிய்ந்துவிட்டது. அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் தரை வரைக்கும் போகுது. பழைய ஜீப்புக்கு ஒரே லைன், ஒரு இடத்தில் போனால் நாலும் போச்சு. முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மண்கரையில் சாய்த்து நிறுத்தினேன். கரை இல்லாத பக்கம் கிணறு. கீழே இறங்கினதும் ஒரு அக்கா ஒண்ணுமே பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும், "பரண் மாதிரி ஏணி வச்சு ஏற வேண்டியிருந்தப்பவே எனக்குத் தெரியும்டா" என்றாள்.

அப்போதுதான் சட்டமும் தெரிய வந்தது. கம்பெனி செய்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அந்தக் கிணற்றில் விழுந்திருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குது.

மறு வாரமே எல்லாத்தையும் கழட்டினேன். பழைய பட்டை, பழைய ஷேக்கிள், பழைய அளவில் புது டயர், நாலு சக்கரத்துக்கும் புது ஹோஸ். மகன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், அப்புறம் அவனே கிரீஸ் அடித்துக் கொடுத்தான். களை எடுக்க அந்த ரெண்டு அக்காவும் மறுபடி வந்தார்கள். ஏறுவதற்கு முன்னாடி ஒருத்தர் குனிந்து சக்கரத்துப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

31 அங்குல டயர் நாலும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கு. வாங்குறேன்னு ரெண்டு பேர் வந்தாங்க, விலை படியவில்லை. இப்போ ஒன்றுக்குள் நாய் குட்டி போட்டிருக்கு, அதனால் கண் திறக்கிற வரைக்கும் மூணுதான் விற்பனைக்கு.