அளவறிந்து மீட்டிய விரல்கள்

இசைவாணர் ஒருவரைப் புகழ்வதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. விரைந்து வாசிப்பவரை அசுர சாதகம் செய்தவர் என்கிறோம். கணக்கில் தேர்ந்தவரை லய மேதை என்கிறோம். ஆயினும் ‘ஔசித்தியம் அறிந்தவர்’ என்னும் பாராட்டு எளிதில் எவர்க்கும் கிட்டுவதன்று. எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்பதோடு, எந்த இடத்தில் எதை வாசிக்காது விட வேண்டும் என்பதையும் உணர்ந்தவர்க்கே அது உரியது. அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையுலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்பாராட்டுக்கு உரியவராய் விளங்கியவர் ஜிம் ஹால் என்னும் கிதார்க் கலைஞர். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாஸ் இசை நமக்குப் புறம்பானதன்றோ, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அதற்கு இடம் ஏது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இவ்விசை நம் நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. 1955ஆம் ஆண்டு தொடங்கி ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியில் வில்லிஸ் கானோவர் என்பார் நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சி, சிற்றலை வழியே கடல் கடந்து பல நாடுகளை எட்டியது. 1958ஆம் ஆண்டில் டேவ் புரூபெக் என்னும் பியானோக் கலைஞரின் குழுவினர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது சென்னையிலும் வாசித்தனர். அக்குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட், பின்னர் ஜிம் ஹாலுடன் இணைந்து பல அரிய இசைத்தட்டுகளைப் பதிவு செய்தவர். மேலும், ஜாஸ் கலைஞர் தாம் எடுத்துக்கொண்ட பாட்டை அடிப்படையாகக் கொண்டு, மேடையில் அந்தக் கணத்திலேயே கற்பனை செய்து விரிக்கிறார். மனோதர்மம் என்னும் சொல்லை அறிந்த நம்மவர்க்கு இது விளங்காத பொருளாகாது.

பின்வரிசையில் ஒரு வாத்தியம்

ஹாலின் பெருமையை உணர வேண்டுமாயின், ஜாஸ் இசையில் கிதார் எவ்வாறு வளர்ந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் கருப்பின மக்களிடையே உருப்பெற்றது ஜாஸ். டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கிய அக்குழுக்களில் கிதாரின் மெல்லொலி எடுபடவில்லை. ஆகவே அதனினும் உரத்து ஒலிக்கும் பாஞ்ஜோவையே பலரும் நாடினர். 1925ஆம் ஆண்டளவில் மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் வந்த பின்னரே, மெல்லிய ஓசைகளும் இசைத்தட்டில் தெளிவாகப் பதியலாயின. கிதாருக்கும் காலம் பிறந்தது.

அக்காலத்துக் கிதார்க் கலைஞரின் பணி பெரும்பாலும் தாளத்தைத் தாங்கி நிற்பதே. கவுண்ட் பேசியின் புகழ்பெற்ற குழுவில் 1937ஆம் ஆண்டு சேர்ந்த ஃபிரெடி கிரீன் இதற்குச் சிறந்த சான்று. 1987இல் தாம் மறையும் வரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் அக்குழுவிலேயே அமர்ந்து, ஒவ்வொரு தாளத்திற்கும் நான்கு தட்டு எனச் சீராக மீட்டி வந்தார். அவர் தனித்து வாசித்தது மிகமிக அரிது. அவருடைய ஓசை காதில் தனியே விழாது. ஆனால் அவர் இல்லாவிடில் குழுவின் நடையே தளர்ந்துவிடும் என்று உடன் வாசித்தோர் அறிவர்.

பின்வரிசையில் இருந்த கிதாரை முன்வரிசைக்குக் கொணர்ந்த பெருமை சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞரைச் சாரும். 1939ஆம் ஆண்டு பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த அவர், மின்சாரக் கிதாரைக் கொண்டு, சாக்ஸபோனுக்கு நிகராக நீண்ட இசைத்தொடர்களைப் பொழிந்தார். 1942ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில், காசநோய்க்கு இரையானார். அவர் மேடையில் ஒளிவீசியது மூன்றாண்டுகளும் நிரம்பாத காலம். எனினும் அவருக்குப் பின் வந்த கிதார்க் கலைஞருள் அவர்தம் வழியைக் கல்லாதார் இலர்.

பிறப்பும் பயிற்சியும்

ஜிம் ஹால் 1930ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் பிறந்து, ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்டில் வளர்ந்தார். அவருக்குப் பத்து வயதாயிருக்கையில் அன்னையார் ஒரு கிதாரைப் பரிசளித்தார். பதின்மூன்றாம் வயதில் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டது அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது. பின்னர்க் கிளீவ்லண்ட் இசைக் கல்லூரியில் மேனாட்டுச் செவ்வியல் இசையின் இலக்கணத்தை முறையாகப் பயின்று 1955இல் பட்டம் பெற்றார். பலரும் கேள்வி ஞானத்தால் மேடையேறிய அத்துறையில், இசையமைப்பின் கட்டுக்கோப்பை ஏட்டிலும் கற்றவர் இவர். அதன் பயன் பிற்காலத்தில் அவருடைய ஒவ்வொரு வாசிப்பிலும் புலப்பட்டது.

கல்லூரியை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடைந்த ஹால், அதே 1955ஆம் ஆண்டில் டிரம் கலைஞர் சிகோ ஹாமில்டனின் ஐவர் குழுவில் சேர்ந்தார். செல்லோவும் புல்லாங்குழலும் இடம்பெற்ற அக்குழு, ஆரவாரத்தினும் அமைதியையே பெரிதும் போற்றியது. ஹாலின் இயல்புக்கு அது ஏற்ற களமாயிற்று.

ரயிலும் ஆறும்

அடுத்து அவர் சேர்ந்தது, சாக்ஸபோனும் கிளாரினெட்டும் வாசித்த ஜிம்மி ஜூஃப்ரியின் மூவர் குழுவில். இக்குழுவில் டிரம் கிடையாது. சில காலம் ஆளுயர பாஸ் பிடிலும் இல்லாமல், டிராம்போன் வாசித்த பாப் புரூக்மையருடன் மூவராகவே அவர்கள் மேடையேறினர். தாளம் காட்டுவதற்கு எவரும் இல்லாத நிலையில், மூவரும் ஒருவரையொருவர் செவிமடுத்தாலன்றி இசை நில்லாது. சற்றே கவனம் பிசகினாலும் முழுக் கட்டடமும் சரிந்துவிடும்.

‘ரயிலும் ஆறும்’ என்னும் பொருள்படும் பெயருடைய ஜூஃப்ரியின் இசைக்கோவை அவர்களுடைய சிறந்த படைப்புகளுள் ஒன்று. 1958ஆம் ஆண்டு நியூபோர்ட் இசை விழாவைப் படம்பிடித்த ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’ என்னும் திரைப்படம் இவர்கள் வாசிக்கும் இவ்விசையுடனேயே தொடங்குகிறது. அதில் ஹாலைப் பார்ப்போர் ஒன்றை உணர்வர். சில நேரம் அவர் தாளமாகிறார். சில நேரம் அடித்தளச் சுரமாகிறார். சில நேரம் மற்றையோரோடு மூன்றாவது குரலாக இணைந்து பாடுகிறார். ஒரே வாத்தியத்தில் மூன்று கடமைகள். எனினும் எங்கும் பதற்றம் இல்லை.

இருப்புப்பாதைப் பணியில் உள்ள நமக்கு இது எளிதில் விளங்கும். கால அட்டவணையில் வண்டி புறப்படும் நேரம் மட்டுமா அச்சிடப்பட்டுள்ளது? ஒவ்வொரு நிலையத்திலும் அது வந்து நிற்கும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளது. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது ஓடும் வண்டியால் பயணிக்கு என்ன பயன்? ஹாலின் வாசிப்பில் நிறுத்தங்கள் அத்தகையவை. அவர் விடும் இடைவெளியில், கேட்பவரின் மனம் முன் வாசித்ததைத் திரும்ப எண்ணிப் பார்க்கிறது. இனி வருவதற்கு ஆயத்தமாகிறது.

இங்கே ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். கிதாருக்கு மின்சாரம் வந்தது அதனை உரக்க ஒலிக்கச் செய்வதற்காக. ஹாலோ அதே ஒலிபெருக்கியை மெல்ல வாசிப்பதற்குத் துணையாகக் கொண்டார்! தந்தியை வலிந்து அடித்தால் எல்லாச் சுரமும் ஒரே தன்மையாய் ஒலிக்கும். மெல்லத் தொட்டாலும் ஒலி அவையோரை எட்டிவிடும் என்ற உறுதி இருப்பின், விரலின் அழுத்தத்தில் பல நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டலாம். ஒருமுறை மீட்டிவிட்டு, இடக்கை விரல்களாலேயே அடுத்தடுத்த சுரங்களை வழுக்கி எழுப்பும் அவருடைய முறை, கிதாருக்கு ஊதுகருவியின் மூச்சைத் தந்தது.

பாலத்திலிருந்து இறங்கி வந்தவர்

சாக்ஸபோன் மேதையான சன்னி ராலின்ஸ் 1959இல் புகழின் உச்சியில் இருந்தபோதே மேடையை விட்டு விலகினார். தம் வாசிப்பு தமக்கே நிறைவளிக்கவில்லை என்பதே காரணம். நியூயார்க் நகரத்து வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மீது நின்று நாள்தோறும் பல மணி நேரம் தனித்துச் சாதகம் செய்தார். ஏறத்தாழ இரண்டாண்டு தவத்திற்குப் பின் 1961இன் இறுதியில் மேடைக்குத் திரும்பியபோது, பியானோக் கலைஞர் எவரையும் அவர் அமர்த்திக்கொள்ளவில்லை. ஜிம் ஹாலையே அழைத்துக்கொண்டார். இனவேற்றுமைக்கு எதிராகக் கருப்பின மக்கள் போராடிக்கொண்டிருந்த அந்நாளில், கருப்பினத்தவரான ராலின்ஸும் வெள்ளையரான ஹாலும் ஒரே மேடையில் ஒருவர் கற்பனைக்கு மற்றவர் செவி கொடுத்து வாசித்தது, இசையளவில் மட்டும் எண்ணத்தக்க செய்தியன்று. 1962இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டின் பெயரும் ‘பாலம்’ என்னும் பொருள்படும் ‘தி பிரிட்ஜ்’ என்பதே.

ராலின்ஸின் நாதம் பெருவெள்ளம் போன்றது. அதனோடு போட்டியிட முனைந்திருந்தால் ஹால் அடித்துச் செல்லப்பட்டிருப்பார். அவரோ இரண்டு மூன்று சுரங்களே கொண்ட சிறு கட்டுகளை வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து, வெள்ளத்திற்குக் கரை அமைத்தார்.

அதே 1962இல் பியானோக் கலைஞர் பில் எவன்ஸுடன் ‘அண்டர்கரண்ட்’ என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். டிரம் இல்லை, பாஸ் இல்லை; இருவர் மட்டுமே. பியானோவும் கிதாரும் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கவல்ல வாத்தியங்களாதலின், ஒன்றின் மீது ஒன்று ஏறி இரைச்சலாகிவிடும் இடர் மிகுதி. இவ்விடரை இருவரும் கடந்த விதமே அத்தட்டின் அழகு. ‘மை ஃபன்னி வாலண்டைன்’ என்னும் பாட்டில் எவன்ஸ் கற்பனையை விரிக்கும்போது, ஹால் தாளத்திற்கு நான்கு தட்டாக மீட்டித் துணை நிற்கிறார். ஃபிரெடி கிரீன் பின்வரிசையில் அமர்ந்து ஆற்றிய அதே பணி! முன்வரிசைக்கு வந்துவிட்ட கலைஞர், பின்வரிசையின் அறத்தை மறக்கவில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

இடர்ப்பாடும் மீட்சியும்

இவருடைய வாழ்வு முழுவதும் மலர்ப்பாதையாக இருக்கவில்லை. இடையில் குடிப்பழக்கத்தால் துன்புற்று, அதினின்றும் மீண்டார். 1960களின் நடுவில், இரவு விடுதிகளைச் சுற்றி அலையும் வாழ்வை விடுத்து, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வாத்தியக் குழுவில் சம்பளத்திற்கு வாசித்தார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் இதனை இழிவாகக் கருதமாட்டார்கள். நிலையான வாழ்வு அமைந்த பின்னர் அவருடைய கலை மேலும் கனிந்தது என்பதற்கு அடுத்த பத்தாண்டுப் பதிவுகளே சான்று.

1972இல் பாஸ் கலைஞர் ரான் கார்ட்டருடன் இருவராக வாசித்த ‘அலோன் டுகெதர்’ வெளிவந்தது. 1975இல் பதிவான ‘கான்சியர்ட்டோ’ என்னும் தட்டில், ஸ்பானிய இசைமேதை ரோட்ரிகோவின் அரான்ஹுவேஸ் இசைக்கோவையை எடுத்துக்கொண்டு, நண்பர் டெஸ்மண்ட், டிரம்பெட் கலைஞர் செட் பேக்கர் முதலானோருடன் வாசித்தார். ஏறத்தாழ 19 நிமிடம் நீளும் அவ்வாசிப்பில் எவரும் எவரையும் முந்தவில்லை. ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் மெல்லத் தொடர்கிறார்.

இறுதிவரை

முதுமையில் அவரை நாடி இளைஞர் பலர் வந்தனர். பில் ஃபிரிசெல் அவரிடம் பயின்றவர். பாட் மெதீனி அவருடன் இணைந்து 1999இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 2004இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் ‘ஜாஸ் மாஸ்டர்’ என்னும் உயரிய விருதை ஹாலுக்கு அளித்தது. 2013ஆம் ஆண்டு கோடையில், 82 வயதில், அதே நியூபோர்ட் விழா மேடையில், 1987இல் பிறந்த ஜூலியன் லாஜ் என்னும் இளங்கலைஞருடன் வாசித்தார். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள், 83ஆம் பிறந்தநாள் கழிந்து ஆறாம் நாளில், நியூயார்க்கில் இயற்கை எய்தினார்.

அவருடைய ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசும் விதமே தனி. எத்தனை விரைவாக வாசித்தார் என்று எவரும் கேட்பதில்லை. இன்ன பாட்டில் இன்ன இடத்தில் ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாரே, அதனைக் கேட்டீரோ என்று வினவுகின்றனர். ஒரு சிறு பிடியை எடுத்து, அதனைத் திருப்பியும் நீட்டியும் ஒரு கட்டடமாகவே எழுப்புவதை வியக்கின்றனர். அவர் உடன் வாசித்த தட்டுகளில் மற்றக் கலைஞரின் வாசிப்பும் வழக்கத்தினும் சிறந்திருப்பதைச் சுட்டிக்காட்டுகின்றனர். இந்தக் கடைசிப் பாராட்டே அவருக்கு மணிமகுடம் என்பது நம் கருத்து.

நம் காலனிப் பிள்ளைகள் வயலினும் மிருதங்கமும் கீபோர்டும் ஆர்வத்துடன் கற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஆண்டு விழா என்றதும் தனியாக வாசிக்கவே ஒவ்வொருவரும் விழைகின்றனர்; பக்கத்தில் அமர்ந்து பிறர் பாட்டுக்கு வாசி என்றால் முகம் வாடுகிறது. பெற்றோராகிய நாமும் அதற்கு உடந்தையாக இருக்கிறோம். ‘என் பிள்ளைக்கு எத்தனை நிமிடம்?’ என்பதன்றோ விழாக் குழுவினரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி? பிறர் வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்பதும், அதனை உயர்த்தும் வகையில் தன் கையை அடக்குவதும் குறைந்த வித்தையன்று. நெடுநாட் பயிற்சியால் வருவது என்பதை இக்கலைஞரின் வரலாறு காட்டுகிறது.

வாய்ப்புள்ள அன்பர்கள் ‘அண்டர்கரண்ட்’ தட்டை ஓர் இரவு, வீட்டில் தொலைக்காட்சி ஓய்ந்த பின், பிள்ளைகளுடன் அமர்ந்து கேட்பாராக. முதன்முறை பியானோவை மட்டும் கேளுங்கள். மறுமுறை கிதாரை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை இருவரையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் பக்கவாத்தியம் வாசிக்கத் தாமே முன்வரும் பிள்ளை ஒருவரேனும் நம் காலனியில் உருவானால், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கருதி மகிழ்வோம்.