குடுவையும் மலையும்

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ல் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டத்தை அமைத்தபோது, அந்த மலை பழைய மலையாக இல்லை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபி, நூறாண்டுக்கு மேலாகக் காட்டைத் தோட்டமாக்கியிருந்தது. கிளையைப் பற்றி வாழும் ஆர்க்கிட்டுக்கு மரம் போனால் வீடே போயிற்று. அந்தச் செடிகளைத் திரட்டி, மழையும் பனிமூட்டமும் உள்ள மலையிலேயே வைத்துப் பேணியதில் ஒரு தெளிவு இருக்கிறது. திசு வளர்ப்பின் வரலாறும், இன்று ஸ்டெம் செல்லிலிருந்து மனித மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்க்கும் ஆய்வும் அதே தெளிவைத்தான் வந்தடைந்தன: ஒரு செல் என்னவாகும் என்பதில் அது இருக்கும் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆர்க்கிட் விதையையே எடுத்துக்கொள்வோம். ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். நெல்லுக்குள் முளைக்கான உணவு மாவாக இருக்கிறது. இதற்குள் அப்படி எதுவும் இல்லை. காட்டில் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் இது முளைக்கும். பிரான்சின் நோயல் பெர்னார் 1899-ல் இதைக் கண்டறிந்தார். 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நுட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைத்தார். இயற்கையை ஆய்வகம் வென்ற கதையாக இதைச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பூஞ்சை எதைக் கொடுக்கிறது என்று விளங்கிய பிறகுதான் அதை விலக்க முடிந்தது.

செடியையும் நுரையீரலையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேறுபாடு பெரிதுதான். தாவரத்தின் ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை வளர்க்க முடியும் என்று ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் 1902-லேயே கருதினார். பின்னாளில் அது மெய்ப்பட்டது. முதிர்ந்த விலங்குச் செல் அப்படி எளிதில் பின்திரும்பாது. எலியின் செல்லை ஜப்பானின் யமனாக்கா 2006-லும், மனிதச் செல்லை அவர் குழுவினர் 2007-லும் கருநிலைக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து மூச்சுக்குழாய் வரை வர, கரு வளரும் வரிசையிலேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வேதிச் சமிக்ஞைகளைத் தரவேண்டும். கடைசிக் கட்டம்தான் எனக்கு வியப்பு. ஊட்டத் திரவத்துக்குள் மூழ்கியே கிடந்தால் செல்கள் சரியாக முதிர்வதில்லை. நுண்துளைச் சவ்வின்மேல் அவற்றைப் பரப்பி, ஊட்டத்தைக் கீழே மட்டும் வைத்து, மேற்புறத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் சளி சுரக்கிறது. நுண்மயிர்கள் முளைத்து அசையத் தொடங்குகின்றன. பூஞ்சை ஆர்க்கிட்டுக்குச் செய்ததைக் காற்று இங்கே செய்கிறது.

குடுவையில் பெருக்க முடிந்தபின் மலையில் தோட்டம் எதற்கு என்பது வலுவான கேள்வி. திசுவிலிருந்து நகலெடுத்த செடிகள் எல்லாம் ஒரே மரபணு கொண்டவை. ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லக்கூடும். மூச்சுக்குழாய் ஆய்விலும் அப்படித்தான்: ஒரே நபரிடமிருந்து வந்த செல்களில் சோதித்த மருந்து எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது, பலரின் செல்கள் வேண்டும். அந்தப் பன்மை ஏற்காட்டுச் செடிகளுக்குக் காட்டிலிருந்துதான் வரவேண்டும். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேவராயென்சிஸ் மரத்தை ஆய்வகத்தில் ஆயிரமாகப் பெருக்கினாலும், நடுவதற்குச் சரிவு வேண்டும். காபிக்கும் பாக்சைட் சுரங்கத்துக்கும் கொடுத்தது போக எஞ்சிய சோலைகளை இனி எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.