சரளையில் வளர்ந்த லாவெண்டர்

இங்கிலாந்தின் கிழக்கே, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில், கோல்செஸ்டர் நகருக்கு அருகே எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நாற்றுப்பண்ணை நடத்திவந்த பெத் சாட்டோ, 1991-92இல் தன் பண்ணையின் பழைய கார் நிறுத்துமிடத்தைத் தோட்டமாக மாற்றினார். வண்டிகள் ஏறி இறங்கிக் கெட்டித்துப்போன இடம் அது. அடியில் மணலும் சரளையுமாக, பெய்த நீர் நிற்காமல் இறங்கிவிடும் மண். ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். அந்த நாட்டின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. கோடையில் ரப்பர் குழாயால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சக் கூடாது என்ற தடை அடிக்கடி வந்த காலம் அது. செடி வேர் பிடித்தபின் எந்தக் கோடையிலும் நீர் ஊற்றுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். அங்கே லாவெண்டரும் சிஸ்டஸும் யூபோர்பியாவும் செழித்ததைப் பார்த்தவர்கள், வறட்சியைத் தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்ததுதான் ரகசியம் என்றார்கள். அது பாதிதான் சரி. அந்தத் தோட்டத்தை உண்டாக்கியது செடிப் பட்டியல் அல்ல, நிலத்தைத் தயார் செய்த விதம் என்பதே என் வாதம்.

லாவெண்டரின் வரலாறே இதற்குச் சான்று. இங்கிலீஷ் லாவெண்டர் என்று பெயர் பெற்ற செடியின் பூர்வீகம் இங்கிலாந்து அல்ல. தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி மலைச்சரிவுகளின் சுண்ணாம்புப் பாறை நிலம். அதன் இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் கிளைவிட்ட வெண்ணிற மயிர்கள் நெருக்கமாகப் போர்த்தியிருக்கும். வெயிலையும் காற்றையும் தடுத்து ஈரத்தைக் காப்பவை அவை. அவற்றுக்கிடையே எண்ணெய்ச் சுரப்பிகள். லாவெண்டர் எண்ணெய்க்காகவே லண்டனுக்குத் தெற்கே இருந்த மிட்சமில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து லாவெண்டர் வயல்களும் வடிசாலைகளும் இருந்தன. நகரம் பெருகி வீடுகள் வந்தபோது அந்த வயல்கள் சுருங்கின. தொழிலாக வளர்த்தவர்களுக்கு இது பழகிய பயிர். வீட்டுத் தோட்டத்தில் வைத்தவர்களோ அதைப் பெரும்பாலும் பறிகொடுத்தது கோடை வெயிலில் அல்ல, குளிர்கால ஈரத்தில். களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். உரம் மிகுந்தால் தண்டு கொழுத்துச் சாயும். லாவெண்டருக்கு வறட்சி என்பது சகித்துக்கொள்ளும் துன்பம் அல்ல. வேருக்கடியில் நீர் வடிந்துபோவது அதன் தேவை.

சாட்டோவுக்கு இது தற்செயலாகப் பிடிபடவில்லை. அவருடைய கணவர் ஆண்ட்ரூ, தோட்டச் செடிகள் காட்டில் எந்த மண்ணில், எந்த வெயிலில் வளர்கின்றன என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 1960இல் தங்கள் பழப்பண்ணையை ஒட்டிய தரிசில் வீடு கட்டிக் குடியேறியவர்கள், காய்ந்த மேட்டுக்கு ஒரு வகைச் செடி, ஈரப்பள்ளத்துக்கு வேறு வகை என்று பிரித்து வைத்தார்கள். வறண்ட தோட்டம் பற்றிய பெத்தின் நூல் 1978இலேயே வந்துவிட்டது. ஆகவே கார் நிறுத்துமிடத்தில் முதலில் நடந்தது செடி நடுவதல்ல. இறுகிய தரையை ஆழமாகப் பிளந்தார்கள், மக்கு உரம் கலந்தார்கள். தொட்டிச் செடிகளை நன்றாக நனைத்து நட்டார்கள். பிறகு தரை முழுக்கச் சரளை மூடாக்கு: ஈரம் ஆவியாகாது, களை குறையும், செடியின் கழுத்துப் பகுதி காய்ந்திருக்கும்.

மக்கு உரமும் நடும்போது நீரும் கொடுத்துவிட்டு இதை நீரில்லாத் தோட்டம் என்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான். முதலில் ஊற்றும் நீர் வேரைக் கீழே இறக்குகிறது; அதன்பின் தினமும் மேலாக ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும், ஒரு வாரம் விட்டால் வாடிவிடும். இங்கிலாந்தின் இதமான வெயிலில் யாரும் சாதிக்கலாமே என்பது இன்னொரு ஆட்சேபம். தெற்கு பிரான்ஸின் மார்செய் நகரிலும் மழை ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் எஸ்ஸெக்ஸில் குளிர்காலம் சில்லிட்ட ஈரத்தோடு நீள்கிறது. வடிகால் சரியில்லாத இடத்தில் மத்தியதரைக் கடற்பகுதிச் செடிகளுக்கு அந்த ஈரம் வெயிலைவிடக் கொடியது.

இது நாற்றுப்பண்ணை வைத்தவருக்கு மட்டும் சாத்தியம் என்றும் சொல்ல முடியாது. திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மன் 1980களின் பிற்பாதியில் கென்ட் கடற்கரையின் டஞ்ஜனஸில், அணுமின் நிலையம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மரத்தாலான ஒரு மீனவர் வீட்டை வாங்கினார். சுற்றிலும் கூழாங்கல்தான், உப்புக்காற்று வேறு. எச்ஐவி தொற்றோடு வாழ்ந்த அவர் 1994இல் இறக்கும்வரை, வேலியே போடாமல், அந்தக் கற்களுக்கிடையே லாவெண்டரும் சாண்டோலினாவும் வளர்த்தார். அங்கே தானாக முளைத்த கடற்கீரையையும் பிடுங்காமல் விட்டார். அவருக்கு ஒதுங்கி வாழ ஒரு வீடும் நாளெல்லாம் கையால் செய்ய ஒரு வேலையும் அதில் கிடைத்தன. சரளைத் தோட்டத்தை வேலையில்லாத் தோட்டம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்: பூ முடிந்ததும் லாவெண்டரைக் கவாத்து செய்தே ஆக வேண்டும், அதையும் பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்த வேண்டும். பழுத்த கட்டைவரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆதாரம் சாட்டோவிடமே இருக்கிறது. அவர் அந்தத் தோட்டத்தைச் சோதனையாகவே நடத்தினார். நீரின்றிப் பிழைக்காதவை நீங்கின, பிழைத்தவை நின்றன. அப்படியானால் தேர்வுதானே முக்கியம்? ஆனால் இறுகிய தரையிலும் தேங்கிய நீரிலும் இதே செடிகளை வைத்திருந்தால், அவற்றில் எது வறட்சியைத் தாங்கும் என்பதே தெரிந்திருக்காது.