விறைப்பும் பற்றுக்கோடும்: வயிற்று நுண்துளை அறுவையில் மென்கருவிகளின் இடம் – உசிலம்பட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வயிற்றுக்குள் நெளிந்து வளைந்து செல்லும் மென்மையான ரோபோக் கருவிகள், இன்றைய கடினக் கருவிகளுக்கு மாற்றாக முன்மொழியப்படுகின்றன. மென்மை தன்னளவில் ஒரு தகுதி ஆகாது என்றும், வேண்டிய நேரத்தில் விறைக்கும் ஆற்றலும் பற்றி நிற்க ஓர் இடமும் இருந்தால்தான் மென்கருவி பயன்படும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அந்த இடம் சிறுநகர அரசு மருத்துவமனைகளில் வாயு நிரப்பாத நுண்துளை அறுவையாகவே இருக்க முடியும் என்பது இதன் முடிவு.

1. சிக்கல்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள ஊர் உசிலம்பட்டி. செல்லம்பட்டி, சேடபட்டி, எழுமலை வட்டாரத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்குள்ள அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் மதுரை இராசாசி மருத்துவமனை. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவருக்கு வயிற்றைக் கீறித் திறக்கும் அறுவை என்பது உடல் வலியோடு முடிவதில்லை. புண் ஆறிய பிறகும் பல வாரங்கள் சுமை தூக்கக் கூடாது. அத்தனை வாரக் கூலியும் போகும். ஆகவே சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையின் பயன், மாதச் சம்பளக்காரரைவிடக் கூலித் தொழிலாளிக்கே கூடுதல்.

ஆனால் தொழில்நுட்பம் நகர்வது எதிர்த் திசையில். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது. அரசு மருத்துவமனைக்கு அது வந்தது பெருமைக்குரியதே. எனினும் அந்த விலையில் ஒரு கருவி வட்ட மருத்துவமனைகளுக்கு வரும் என்று எதிர்பார்க்க இயலாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது; ஆனால் அரங்கில் இல்லாத கருவியை அதனால் கொண்டுவர முடியாது. மென்கருவிகள் இந்த இடைவெளியைக் குறைக்குமா, கூட்டுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

2. கடினக் கருவியின் எல்லை

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி என்னும் நுண்துளை அறுவை வழியாகப் பித்தப்பையை முதலில் அகற்றியவர் தெகம்டன் உத்வாடியா. ஆண்டு 1990, இடம் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. அடுத்த பத்தாண்டுகளில் இம்முறை தமிழகத்தில் வேரூன்றக் கோவையின் சி. பழனிவேலு பெரும் காரணமானார். செய்முறை இன்றும் அடிப்படையில் அதேதான். 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைப்பார்கள். ட்ரோக்கார் குழாய்கள் வழியாக 5 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள நேரான கருவிகளை நுழைப்பார்கள்.

நேரான கருவிக்கு வயிற்றுச் சுவரின் துளையே சுழல்புள்ளி. கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். உறுப்பின் பின்புறத்தை அது சுற்றி எட்டாது. டாவின்சி போன்ற ரோபோக்கள் கருவி முனையில் மணிக்கட்டு வைத்து இக்குறையின் ஒரு பகுதியைத் தீர்த்தன. தண்டு கடினமாகவே நீடித்தது. தண்டையும் மென்மையாக்கினால் உறுப்புகளைச் சுற்றிப் போகலாம், தவறி இடித்தாலும் காயம் குறையும் என்பதே மென்கருவி ஆய்வின் தொடக்க வாதம்.

ரோபோ என்பதாலேயே விளைவு மேம்படும் என்று கருதவும் இடமில்லை. மலக்குடல் புற்றுநோய் அறுவையில் ரோபோவையும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்ட ரோலார் ஆய்வு 2017இல் வெளியானது. 10 நாடுகளைச் சேர்ந்த 471 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். நுண்துளை முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 விழுக்காடு, ரோபோவில் 8.1 விழுக்காடு. இந்த வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை. செலவு மட்டும் கூடியது. புதிய கருவி எதுவானாலும், அது எந்தக் குறையைத் தீர்க்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

3. வளையும் குழல் வயிற்றுக்குள் சென்ற வரலாறு

மென்கருவியை முற்றிலும் புதிய கனவாகக் கருதுபவர்கள் இந்தியாவிலேயே நடந்த ஒரு முன்கதையைக் கவனிப்பதில்லை. 2004 அளவில் ஐதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனத்தில் ஜி.வி. ராவும் டி. நாகேஸ்வர ரெட்டியும் வளையும் எண்டோஸ்கோப்பை வாய்வழியே செலுத்தி, இரைப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போய், குடல்வாலை அகற்றினர். தீக்காயத்தால் வயிற்றுச் சுவர் சிதைந்திருந்த நோயாளிக்கு இம்முறை பொருத்தமாக அமைந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆந்தனி கல்லூவின் குழு, பன்றிகளில் இவ்வழியைச் சோதித்த ஆய்வை வெளியிட்டது. 2008இல் பழனிவேலுவின் குழு, பிறப்புறுப்பு வழியாக எண்டோஸ்கோப் செலுத்திக் குடல்வாலை அகற்றிய அனுபவத்தை வெளியிட்டது. உடலின் இயற்கைத் துளை வழியே அறுவை என்ற இந்த இயக்கம், உலகில் பரபரப்பாகப் பேசப்பட்ட காலத்தில் ஐதராபாத்தும் கோவையும் அதன் முன்வரிசையில் இருந்தன.

பிறகு அது தளர்ந்தது. துளைத்த இரைப்பையை மூடுவது, தொற்றைத் தவிர்ப்பது, திசை தடுமாறாதிருப்பது, இரு கைகள்போல் கருவிகளை இயக்குவது எனச் சிக்கல்களை அமெரிக்க வல்லுநர் குழு தொடக்கத்திலேயே பட்டியலிட்டிருந்தது. இவற்றுள் இயந்திரவியல் சார்ந்தவற்றுக்கு மூலம் ஒன்றே. குடலுக்குள் போகும்போது எண்டோஸ்கோப்புக்குக் குடற்சுவரே தாங்கல். வாயுவால் உப்பிய வயிற்றறையிலோ சாய்ந்து நிற்க ஏதுமில்லை. முனை திசுவை இழுத்தால் திசு வருவதற்குப் பதில் குழல் வளைந்து கொடுத்தது.

இதற்கு மறுசான்றும் உண்டு. ஜப்பானின் ஹருஹிரோ இனூவே 2008இல் தொடங்கிய போயம் சிகிச்சையில், உணவுக்குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்கு இடையே சுரங்கம் அமைத்து, அதன் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தித் தசையை அறுக்கிறார்கள். இது நிலைத்துவிட்டது, இந்தியாவிலும் பரவலாகச் செய்யப்படுகிறது. அதே வளையும் குழல்தான். இங்கு சுரங்கச் சுவர் அதற்குப் பற்றுக்கோடாகிறது. வளையும் கருவி வெற்றவெளியில் தோற்று, ஒடுங்கிய இடத்தில் வென்றிருக்கிறது.

4. ஆக்டோபஸ் கை: சாதனையும் கணக்கும்

பற்றுக்கோட்டைக் கருவியே தன்னுள் கொண்டிருந்தால் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2012இல் தொடங்கிய ஸ்டிஃப்-ஃப்ளாப் திட்டம் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் காஸ்பர் ஆல்தோஃபர், இத்தாலியின் அரியானா மென்சியாசி, இலங்கையரான திரிஷாந்த நாணயக்கார உள்ளிட்டோர் இதில் பணியாற்றினர். முன்மாதிரி ஆக்டோபஸின் கை. அதில் எலும்பில்லை, தசைகள் ஒன்றையொன்று அழுத்தி வேண்டிய இடத்தில் விறைக்கின்றன.

இவர்கள் அமைத்த கை சிலிக்கோனால் ஆனது. உள்ளே 120 பாகை இடைவெளியில் மூன்று அறைகள்; ஓர் அறையில் அழுத்தம் ஏறினால் கை மறுபக்கம் வளையும். நடுவில் துகள்கள் நிரம்பிய பை. அதிலிருந்து காற்றை உறிஞ்சினால் துகள்கள் நெருங்கிப் பூட்டிக்கொள்ள, கை அந்த வளைவிலேயே விறைக்கும். தொடக்க மாதிரிகளில் துகளாகக் காப்பித்தூளே பயன்பட்டது. பின்னர் 14.5 மி.மீ. விட்டத்துக்குச் சுருக்கப்பட்ட கையைக் கேமரா தாங்கியாக வைத்து, பதப்படுத்தப்பட்ட மனித உடல்களில் மலக்குடல் அறுவையைச் செய்துகாட்டினர். அந்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன.

அந்தச் சோதனையில் மென்கை கேமராவைத்தான் ஏந்தியது; திசுவை இழுக்கும் வேலை அதனிடம் தரப்படவில்லை. காரணம் எளிய கணக்கில் புலப்படும். வடிவ விகிதம் மாறாமல் விட்டத்தைக் குறைத்தால், அதே அழுத்தத்தில் கிடைக்கும் வளைப்புத் திருப்புவிசை விட்டத்தின் கன அளவில் குறையும். 14.5 மி.மீ. கையை 5 மி.மீ. ட்ரோக்காருக்குள் நுழையும்படி சுருக்கினால் விட்டம் 2.9 மடங்கு குறைகிறது. அத்திருப்புவிசை ஏறத்தாழ 24இல் ஒரு பங்காகிறது. அழுத்தத்தை ஏற்றி இதை முழுதும் ஈடுசெய்ய முடியாது; சிலிக்கோன் பிளந்துவிடும். துளை சிறுக்கச் சிறுக்க மென்கை வலுவிழக்கும் என்பது பொறியாளரின் திறமைக் குறைவன்று, வடிவியலின் விதி.

இதனால் வளையும் ரோபோக்களில் மருத்துவமனை வரை வந்தவை பெரும்பாலும் கம்பி இழுவையால் இயங்குபவை. சிங்கப்பூரில் உருவான மாஸ்டர் என்னும் எண்டோஸ்கோப் ரோபோ, ஐதராபாத்திலும் ஹாங்காங்கிலுமாக ஐந்து நோயாளிகளின் ஆரம்பநிலை இரைப்பைக் கட்டிகளை அகற்றியது 2012இல் வெளியானது. அதுவும் இரைப்பைச் சுவரின் தாங்கலில் நின்று செய்த வேலைதான்.

5. வாயு இல்லாத அறுவை

சிற்றூர் மருத்துவத்தில் இதற்கு இணையாக இன்னொரு முயற்சி நடந்துவந்தது. தமிழகத்தைச் சேர்ந்த ஊரக அறுவை வல்லுநர் ஜே. ஞானராஜும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழுவினரும் வாயு நிரப்பாத லேப்ராஸ்கோப்பியை வளர்த்தனர். வயிற்றுச் சுவரை ஓர் உலோக வளையத்தால் உள்ளிருந்து மேலே தூக்கி, அதனடியில் கிடைக்கும் இடத்தில் வேலை செய்வது இம்முறை. கரியமில வாயு உருளையும் அதைச் செலுத்தும் இயந்திரமும் வேண்டாம். உதரவிதானத்தை வாயு அழுத்தாததால், பல அறுவைகளை முழு மயக்கமின்றி முதுகுத்தண்டு ஊசியிலேயே முடிக்கலாம். டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் 100 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, இம்முறை வழக்கமான முறைக்குப் பின்தங்கவில்லை என்று காட்டியது.

இதன் குறையும் தெளிவானது. வாயு மேற்சுவரைத் தூக்குவதோடு குடலையும் கீழே அமுக்கி வைக்கிறது. வாயு இல்லையென்றால் குடல் பார்வைக்குள் வந்து விழுகிறது, இடம் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் கடினக் கருவி ஆபத்து. முந்தைய பகுதிகளின் முடிவை இத்துடன் பொருத்தினால் இக்கட்டுரையின் மைய வாதம் கிடைக்கிறது: வாயு இல்லாத அறுவைக்குக் குறையாக அமைவது எதுவோ, அதுவே மென்கருவிக்குத் தேவையான சூழல். ஒடுங்கிய இடமும் சுற்றிலும் தாங்கலும் அங்கு உண்டு. செய்ய வேண்டிய பணியும் மென்மையானது: குடலை ஒதுக்கிப் பிடித்தல்.

எனவே மென்கருவியின் முதல் வேலை அறுப்பதோ தைப்பதோ ஆக வேண்டியதில்லை. அது உறுப்புகளை ஒதுக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டராக வரலாம். மடித்து நுழைத்து உள்ளே விரியச் செய்வதால், மெலிந்த கைக்குச் சொன்ன கன விதி இதைக் கட்டுப்படுத்தாது. 12 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 16 கிராம் எடை. உள்ளங்கை அகலத்தில், அதாவது 50 சதுர சென்டிமீட்டரில் விரியும் சிலிக்கோன் மடல் அதே அழுத்தத்தில் குடலைத் தள்ளினால் ஏறத்தாழ 800 கிராம் விசை கிடைக்கும். வாயு இதே அழுத்தத்தை உதரவிதானத்தின்மீதும் சிரைகள்மீதும் சேர்த்தே செலுத்துகிறது. மடல் தேவையான இடத்தில் மட்டும் செலுத்தும்.

இதை இயக்க, ரோபோக்களுக்குப்போல் கட்டுப்பாட்டுக் கன்சோல் வேண்டாம். சிரிஞ்சில் ஏற்றிய உப்புநீர் மடலை விரிக்கும். கசிந்தாலும் காற்றைப்போல் இரத்தக்குழாயை அடைக்காது. விறைக்கவைக்கும் வெற்றிடத்துக்கு அறுவை அரங்குகளில் ஏற்கெனவே உள்ள உறிஞ்சி இயந்திரம் போதும். பை கிழிந்து துகள் வயிற்றில் சிதறும் அச்சத்தை, துகளுக்குப் பதில் மெல்லிய தகடுகளை அடுக்கித் தவிர்க்கலாம். காற்றை உறிஞ்சினால் தகடுகளும் உராய்வால் பூட்டிக்கொள்கின்றன.

6. மதுரையின் முன்தீர்ப்பு

மென்மையா, கடினமா என்ற வழக்கை மதுரை வேறொரு துறையில் ஏற்கெனவே விசாரித்திருக்கிறது. கண்புரை அறுவையில் மடக்கும் லென்ஸ் ஏறத்தாழ 3 மி.மீ. துளையில் நுழையும், கடின லென்ஸுக்கு 6 மி.மீ. அளவு வேண்டும். மடக்கும் லென்ஸோடு, புரையை உடைத்து உறிஞ்சும் விலை உயர்ந்த ஃபேக்கோ இயந்திரமும் வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை ஃபேக்கோவை ஒதுக்கவில்லை. அதே நேரத்தில் இலவச நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, தையலின்றித் தானே மூடிக்கொள்ளும் சரிவுக் கீறல் வழியாகக் கடின லென்ஸையே பொருத்தியது. ஃபேக்கோவையும் இந்தச் சரிவுக் கீறல் முறையையும் ஒப்பிட்டு நேபாளத்தில் 108 நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் இரு முறைகளிலும் 98 விழுக்காட்டினர் கண்ணாடியோடு நல்ல பார்வை பெற்றிருந்தனர். லென்ஸின் விலையையோ 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், நூறு டாலர் அளவிலிருந்து பத்து டாலர் அளவுக்கு இறக்கியது.

இதிலிருந்து இரு நெறிகளைப் பெறலாம். நவீனமானது என்பதற்காக மென்மையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் அதை உள்ளூரில் செய்யும் வழியையும் சேர்த்தே தேட வேண்டும். சிலிக்கோன் வார்ப்பு மதுரைக்கு எட்டாத தொழில் அன்று.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு தூய்மை பற்றியது. சிலிக்கோன் 121 பாகை செல்சியஸ் ஆட்டோகிளேவைத் தாங்கும். ஒட்டிய விளிம்புகளும் உள்மடிப்புகளும் அத்தனை எளிதில் தூய்மையாவதில்லை. 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுபூர் மாவட்டத்தில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பிக் கருத்தடை செய்யப்பட்டதும், அதைத் தொடர்ந்த உயிரிழப்புகளும், 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை நிறுத்த ஆணையிட்டதும் மறக்கத் தகாதவை. கருவி எளிதாகும்போது அவசரமும் எளிதாகிறது. ஆகவே மடல் ஒருமுறை மட்டும் பயன்படுவதாக இருக்க வேண்டும். மின்னணு இல்லாததால் விலை அதற்கு இடம்தரும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: இது ரோபோவே அன்று, ஆய்வின் பெருங்கனவை ஊதுபையாகச் சுருக்குவது. உணரியும் கணினியும் பின்னர் சேரலாம் என்பதே இதற்கு விடை. கையால் இயங்கும் வடிவத்தில் பயன் நிறுவப்படாத கருவி, கணினி சேர்ந்ததால் மட்டும் பயன் தந்துவிடாது. ரோலார் ஆய்வு விடுத்த எச்சரிக்கையும் இதுவே.

8. முடிவு

மென்கருவிகளை ஆய்வுக்கூடங்கள் வளைவின் அளவாலும் நகர்வின் துல்லியத்தாலும் மதிப்பிடுகின்றன. வட்ட மருத்துவமனைக்கான அளவுகோல் வேறாக வேண்டும்: வாயு உருளை, முழு மயக்கம், தனி இயந்திரம், வெளியூர்ப் பழுதுபார்ப்பவர் ஆகியவற்றில் எத்தனையை அக்கருவி தேவையற்றதாக்குகிறது? இந்த அளவுகோலில் மலிவான மென் ரிட்ராக்டர், விலை மிகுந்த மென்கையை முந்துகிறது. அதன் முதல் ஒப்பீட்டு ஆய்வு வாயு இல்லாத பித்தப்பை அறுவையில் நடக்க வேண்டும். அறுவை நேரம், வயிற்றைத் திறக்க நேர்ந்த விகிதம் ஆகியவற்றோடு, நோயாளி எத்தனை நாளில் கூலி வேலைக்குத் திரும்பினார் என்பதும் அதில் பதிவாக வேண்டும். அந்த ஆய்வைப் பெருநகரச் சிறப்பு மையத்தில் மட்டும் நடத்தினால் கேள்வியின் பாதிக்கே விடை வரும். உசிலம்பட்டி போன்ற மருத்துவமனையும் அதில் ஓர் ஆய்வுக் களமாக இருந்தாக வேண்டும்.