நாடகத் துறையில் முதுநிலைப் படிப்பும் ஆய்வும்: எந்த வழியைத் தேர்வது?

புதுடெல்லி: பட்டப்படிப்புக்குப் பின் நாடகத்தை முறையாகக் கற்க விரும்புவோருக்கு இந்தியாவில் இரு முதன்மை வழிகள் உள்ளன. ஒன்று, மேடைப் பயிற்சிக்கு முன்னுரிமை தரும் பட்டயப் படிப்பு. மற்றொன்று, பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் பட்டமும் அதைத் தொடரும் முனைவர் பட்ட ஆய்வும். பிற்காலத்தில் கற்பித்தலையோ ஆய்வையோ விரும்புவோர் இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

தேசிய நாடகப் பள்ளி

சங்கீத நாடக அகாடமியால் 1959இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளி, 1975இல் தன்னாட்சி நிறுவனமானது. மத்திய கலாசார அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் இப்பள்ளி, டெல்லியில் மூன்றாண்டு முழுநேரப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசி இதன் பயிற்சி முறைக்கு வடிவம் கொடுத்தார். இங்குச் சேர எந்தத் துறையிலும் பட்டம் பெற்றிருக்கலாம். ஆனால், நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் கட்டாயம்.

2005இல் கிடைத்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி, பின்னர் பள்ளியின் வேண்டுகோளின்பேரிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. எனவே, இங்குப் பெறுவது பட்டயமே. எனினும், ஆசிரியர் பணிக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் அதனை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றுள்ளது.

பல்கலைக்கழகங்கள்

ஹைதராபாத் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம் ஆகிய மத்தியப் பல்கலைக்கழகங்களில் நாடகக் கலையில் முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்ட ஆய்வும் உள்ளன. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் பள்ளி, கோட்பாடு சார்ந்த ஆய்வுக்கு இடமளிக்கிறது. கேரளத்தின் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இயங்குகிறது.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடைபெறும் தேசிய தகுதித் தேர்வில் (நெட்) நடனம், நாடகம், அரங்கக் கலை ஆகியவை நிகழ்த்துக் கலை என்ற ஒரே பாடத்தில் அடங்குகின்றன. நாடக மாணவர் நடனத்தின் அடிப்படைகளையும் கற்றாக வேண்டும்.

ஆய்வின் சவால்

அச்சிட்ட நாடகப் பிரதி நிலைத்து நிற்கிறது. நிகழ்வோ திரை விழுந்ததும் மறைகிறது. இயக்குநரின் குறிப்பேடுகள், மேடை வரைபடங்கள், ஒளிப்படங்கள், கலைஞர்களின் நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர் அதை மீட்டெடுக்க வேண்டியுள்ளது. தெருக்கூத்து, யட்சகானம் போன்ற மரபுகளில் அறிவின் பெரும்பகுதி மூத்த கலைஞர்களிடமே தங்கியுள்ளது. பதிவு செய்யத் தாமதமானால் அவர்களோடு அதுவும் மறைந்துவிடும்.

ஆகவே, நடிப்பதும் இயக்குவதும் இலக்கு எனில் பயிற்சிப் பள்ளியும், கற்பிப்பதும் ஆவணப்படுத்துவதும் இலக்கு எனில் பல்கலைக்கழகமும் பொருத்தமானவை. இரண்டையும் விரும்புவோர், தாங்கள் பெறும் சான்றிதழ் மேற்படிப்புக்கு ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.