காமன் திடலும் பெரட்டுக் களமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் ஏ4 நெடுஞ்சாலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை நோக்கிச் செல்லும் பாதை பிரியும் சந்தியே பெரகல. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சொந்தப் பாடல்களோடு சிறு கிளப்புகளில் இசைக்கும் ராக் குழுக்களை இரவு விழித்துக் கேட்பது இன்றைய நகரத்து இளைஞரின் வழக்கம். எவர் தயவையும் நாடாத அத்தகைய இரவிசை இந்த மலைகளிலும் இருந்தது. கிளப்புக்கு வெளியே இருந்தது என்பதே வேறுபாடு.

கிளப்புகள் இங்கு இல்லாமலில்லை. பண்டாரவளை ஹோட்டல் 1893இல் துரைமாரின் கிளப்பாகவே கட்டப்பட்டது. ஹப்புத்தளைக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த மண்டபங்களில் தொழிலாளி விருந்தினனாக நுழையும் பேச்சுக்கே இடமில்லை. அவனுடைய அரங்கம் லயத்துக்கு முன்னாலிருந்த திடல்.

மாசி மாத அமாவாசையை அடுத்து அத்திடலில் காமன் கம்பம் நடப்படும். அதிலிருந்து பௌர்ணமி வரை ஏறக்குறைய இரண்டு வாரம் இரவுகள் பாட்டும் ஆட்டமுமாகக் கழியும். தவத்திலிருக்கும் சிவன்மீது மன்மதன் மலர்க்கணை தொடுத்து எரிந்து சாம்பலாவதும், ரதி புலம்பி அவனை மீட்பதுமே கதை. ரதியாக ஆடுபவர் ஆண்தான். தமிழகத்திலிருந்து மூட்டையோடு வந்த இக்கூத்தோடு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியனவும் மலையகத்தில் வேரூன்றின. செலவு லயங்களில் வசூலித்த பணம். ஆடுவோர் பகலில் கவ்வாத்து வெட்டியவர்கள்.

இக்கூத்துக்கு உயிர் தப்பு. நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய தோலின் ஓசை அடுத்த மலைக்கும் எட்டும். ஆனால் அந்தத் தப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புத்தான். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் வாயில் பெரட்டு ஆயிற்று. இரவெல்லாம் தெய்வத்துக்கும் தமக்குமாக முழங்கிய பறை, விடிந்தால் தோட்டத்துக்குச் சொந்தம். இதைவிடக் கூர்மையாகத் தோட்ட வாழ்வைக் காட்டும் பொருள் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அன்று தோட்டம் தனியார் நிலம். வெளியார் உள்ளே வருவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே சென்ற கதை பலரும் அறிந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே பாட்டெழுதிப் பாடிக் கூட்டம் சேர்த்தார்; 1940இல் அப்பாடல்களைச் சிறுநூலாகவும் வெளியிட்டார். கூட்டம் கூடுவதே குற்றமாகக் கருதப்பட்ட இடத்தில், காமன் திடல் மக்கள் அச்சமின்றி ஒன்றுகூடிய சில இடங்களில் ஒன்று. வரலாற்றாசிரியர்கள் இதற்கு உரிய இடம் தரவில்லை என்பது என் எண்ணம்.

1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. கூத்து ஏட்டில் இருந்ததைவிட நெஞ்சில் இருந்ததே அதிகம். வாத்தியார் கப்பலேறினால் பாட்டும் கப்பலேறும். சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் நாட்டார் பாடல்களைத் தொகுத்திராவிட்டால் எஞ்சியிருப்பது இன்னும் குறைவே.

மற்றொரு சிக்கலை நம்மவர் பேசத் தயங்குவர். தப்படித்தவர் யார்? ஒரு குறிப்பிட்ட சாதியினரே. கூத்துக்கு அவர் வேண்டும், சாவுக்கு அவர் வேண்டும். சமபந்தியில் மட்டும் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் படித்து, இனித் தொடமாட்டோம் என்று தப்பைக் கீழே வைத்தபோது, கலை அழிகிறதே என்று புலம்பியவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் எடுக்க முன்வந்தனர்? தமிழகத்தில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதே பறையை மானத்தின் சின்னமாக மேடையேற்றினர். மலையகத்திலும் அப்படி ஏந்தும் இளைஞர் உண்டு. மறுப்பவரையும் ஏந்துபவரையும் எதிரெதிர் அணியாக நான் காணவில்லை. இருவரும் கேட்பது ஒன்றையே.

பெரகலயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கினால் கொஸ்லந்தை. அங்கு மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு லயங்களை மூடியது. லயம் போனால், அதன் முன்னிருந்த திடலும் போகும். புதிதாகக் கட்டப்படும் தனி வீட்டுத் திட்டங்களின் வரைபடங்களில் காமன் கம்பம் நட ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று அதிகாரிகளிடம் யாரேனும் கேட்டால் நன்று.